வரைபடம் யார் கையில்?

மலேசிய ஆகாயப்படைத் தளம் இருக்கும் பட்டர்வொர்த்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானச் சத்தத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியும். பாகான் ஆஜாமில் எங்கள் வீட்டுக் கண்ணாடி ஜன்னல் கிலுகிலுவென்று அதிர்ந்தால் அது ஹார்னட் போர் விமானம். அதிராமல் சத்தம் மட்டும் இழுத்துக்கொண்டே போனால் ஹாக். அம்மா கொடியில் துணி உலர்த்தியபடியே, "இன்னிக்கு நாலு போயிருக்கு" என்பார். போன நாலும் திரும்பி வந்ததா என்று எண்ணுவது எங்கள் தெருவில் ஒரு பழக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது.

அந்த எஃப்/ஏ-18டி ஹார்னட் விமானங்கள் 1997-ல் வந்தவை. மொத்தமே எட்டு. அமெரிக்காவில் அந்த வகையைக் கட்டுவது 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா தன்னிடம் இருந்தவற்றை 2021-ல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. 2025 ஆகஸ்டில் குவாந்தானில் எழும்பும்போது நம்முடையதில் ஒன்று விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் வெளியே பாய்ந்து உயிர் பிழைத்தார்கள். அந்த விபத்துக்கும் உதிரி பாகத்துக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. என் கேள்வி வேறு. கட்டுவதையே நிறுத்திவிட்ட விமானத்துக்கு, அது பறக்க வேண்டிய மிச்சக் காலம் முழுவதும் உதிரி பாகம் எங்கிருந்து வரும்?

இது வெறும் ஹார்னட் கதை இல்லை. 2018 ஜூலை இறுதியில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கைச் சொன்னார். ரஷ்யாவிடம் வாங்கிய 28 போர் விமானங்களில் பறக்கும் நிலையில் இருந்தவை நான்குதான். பதினெட்டு சுகோய், பத்து மிக்-29. சுகோய் விமானங்கள் 2007-க்கும் 2009-க்கும் இடையில் வந்தவை, அதாவது அப்போது சுமார் பத்து வயதுதான் ஆனவை. பராமரிப்பும் உதிரி பாகமும்தான் சிக்கல் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தச் செய்தியை வாசித்த அன்று நான் வேலை முடிந்து பினாங்குப் பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. வலது பக்கம் பிறை தொழிற்பேட்டை விளக்குகள், பின்னால் பாயான் லெப்பாஸ். உலகத்துக்கே மின்னணுச் சில்லு சோதித்துக் கொடுக்கிற ஊர், கால் மணி நேர தூரத்தில் இருக்கும் விமானத் தளத்துக்கு ஏன் கை கொடுக்க முடியவில்லை என்று அன்று தொடங்கிய யோசனை இன்னும் விடவில்லை. தரக் கட்டுப்பாட்டு வேலையில் இருபது வருடம் கழித்தவன் என்பதால் அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

முதலில், உதிரி பாகம் ஏன் கிடைக்காமல் போகிறது என்று பார்த்துவிடலாம். விமானத்தைக் கட்டும் பெரிய கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பம்ப் ஒருவர், வால்வு ஒருவர், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இன்னொருவர் என்று அடுக்கடுக்காகப் போகும். அடியில் இருக்கும் சின்னக் கம்பெனி ஒன்று மூடினாலோ, கைமாறினாலோ, வார்ப்பு அச்சை உருக்கிவிட்டாலோ அந்த ஒரு பாகம் உலகத்திலேயே இல்லாமல் போகும். ஆர்டர் சிறியது என்பது அடுத்த தொல்லை. எட்டு விமானம் வைத்திருப்பவன் வருடத்துக்கு ஆறு கேட்டால், ஐந்நூறுக்குக் குறைந்து செய்யமாட்டோம் என்று பதில் வரும். இதற்கு மேல் அரசியல். 2017-ல் அமெரிக்கா கொண்டுவந்த தடைச் சட்டம், 2022-ல் உக்ரேன் போருக்குப் பின் வந்த தடைகள் எல்லாம் ரஷ்யத் தளவாடம் வைத்திருக்கும் நாடுகளுக்குப் பணம் அனுப்புவதையே கடினமாக்கிவிட்டன. பாகம் கடையில் இருந்தாலும் கல்லாவுக்குப் போக வழி இல்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் நாடு முன்பு கண்ட வழி ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிறுத்தி வைத்திருந்த பழைய ஸ்கைஹாக் போர் விமானங்கள் 88 வாங்கப்பட்டன. அவற்றில் புதுப்பித்துப் பறக்கவிட்டது 40. மற்றவை உதிரி பாகத்துக்கான இருப்பு. லோரிக் கம்பெனி வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த முறை தெரியும்: ஓடாத ஒன்றைப் பின்பக்கம் நிறுத்தி, ஓடுகிற மூன்றுக்கு அதிலிருந்து கழற்றிக் கொடுப்பது. கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் கழற்றிப் போடும் பாகமும் அதே வயசுதானே? பத்து வருடத்துக்குள் அந்த ஸ்கைஹாக்குகள் போர்ப் பணியிலிருந்து விலகின. 2025 ஆகஸ்டில் மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் பழைய ஹெலிகாப்டர்களை வாங்கும் யோசனையைக் கடிந்து பேசியபோது, ஸ்கைஹாக்கில் செய்த தவற்றை மறுபடி செய்யாதீர்கள் என்றுதான் சொன்னார். நம் விமானிகளைப் பறக்கும் சவப்பெட்டிகளில் ஏற்றப் போகிறோமா என்றும் கேட்டார்.

சரி, வாங்க முடியாவிட்டால் நாமே செய்தால் என்ன? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இங்கேதான் படையும் பல்கலைக்கழகமும் பட்டறையும் கைகோர்க்கும் ஆய்வுக் கூட்டு என்ற பேச்சு வருகிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு லேத் பட்டறை.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அறுபது வயதைத் தாண்டிவிட்டார். மீன்பிடிப் படகு ஒன்றின் கடல்நீர் பம்பிலிருந்து கழற்றிய வெண்கலப் புஷ், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் உருளை வளையம் ஒன்று அவர் மேசைமேல் இருந்தது. என் கட்டைவிரல் உயரம்தான். உள்பக்கம் ஒரு ஓரமாகத் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது, வெளிப்பக்கத்தில் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக அரிப்பு. பம்ப் கம்பெனி மூடி வருடக்கணக்காகிறது. படகுக்காரருக்குப் பத்து வேண்டும்.

"இதைக் கடையறது நாப்பது நிமிஷ வேலை தம்பி," என்றார். "ஆனா அளவு எதை வச்சு எடுக்கறது? இது தேஞ்ச அளவு. புதுசுல என்ன அளவுன்னு எவனுக்குத் தெரியும்? கையில உரசிப் பார்த்தா வெண்கலம்னு தெரியுது. எந்த வெண்கலம்?"

அவர் கேட்ட இந்த இரண்டு கேள்விக்குள் முழு விஷயமும் அடங்கிவிட்டது.

தேய்ந்த பாகத்தை முப்பரிமாண ஸ்கேனரில் வைத்தால் தேய்ந்த பாகத்தின் வரைபடம்தான் வரும். மூல அளவைக் கண்டுபிடிக்க, தேயாத இடங்களைத் தேட வேண்டும், அதோடு சேரும் தண்டின் அளவைப் பார்க்க வேண்டும், எவ்வளவு இடைவெளி விட்டிருப்பார்கள் என்று எண்ணெய்ப் படலத்தின் கணக்கிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒரே ஒரு பாகம் போதாது. வேறு வேறு அளவில் தேய்ந்த ஐந்தாறு பாகம் கிடைத்தால்தான் எது வடிவமைத்த அளவு, எது உழைப்பால் வந்த மாற்றம் என்று பிரிக்க முடியும். உலோகம் எது என்பதற்கு ஸ்பெக்ட்ரோமீட்டர், கலவையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி. அண்ணனின் புஷ்ஷை அவருக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். நிக்கல் கலந்த அலுமினிய வெண்கலம். சுமார் பத்து விழுக்காடு அலுமினியம், நிக்கலும் இரும்பும் ஏறக்குறைய ஐந்தைந்து. கப்பல்களின் உந்துவிசிறி செய்யும் உலோகம் அது. கடையில் எளிதில் கிடைக்கும் சாதாரண வெண்கலத்தில் செய்திருந்தால் பார்க்க அச்சு அசலாக இருந்திருக்கும், ஆனால் அதே உழைப்பு உழைத்திருக்காது.

அச்சு அசலாக இருப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களில் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும், ஓ-ரிங் என்போம். போர் விமானங்களில் பெரும்பாலும் ஓடுவது சிவப்பு நிற எண்ணெய். அதற்கு நைட்ரைல் ரப்பர் ஒத்துப்போகும். பயணிகள் விமானங்களில் ஓடுவது ஸ்கைட்ரால் என்ற ஊதா நிறத் திரவம், வேதியியலே வேறு. அதில் நைட்ரைல் வளையத்தைப் போட்டால் ஊறிப் பெருத்துக் கூழாகிவிடும். அதற்கென்று உள்ள வேறு ரப்பர் வளையத்தைச் சிவப்பு எண்ணெயில் போட்டாலும் அதே கதி. இரண்டு வளையமும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. கையில் வைத்துப் பார்த்துச் சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு நைட்ரைல் வளையம் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் கிழடு தட்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் கிடங்கில் இருந்ததை எடுத்துப் போடக் கூடாது என்பது விமானத் துறையின் வழிகாட்டுதல். ஆகவே "ஸ்டாக் நிறைய இருக்கு" என்று ஒரு கிடங்குக்காரர் சொன்னால் எத்தனை வருட ஸ்டாக் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று போல்ட். தரையிறங்கும் சக்கரக் கால் போன்ற இடங்களில் மிக வலுவான எஃகு போல்ட் இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் கேட்மியம் என்ற உலோகத்தைப் பூசுவார்கள். பூசும் தொட்டியில் எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்துவிடும். நான்கு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, சுமார் 190 டிகிரி வெப்பத்தில் இருபத்து மூன்று மணி நேரம் வாட்டினால்தான் அது வெளியே போகும். அந்த ஒரு படியை விட்டுவிட்டாலும் போல்ட் பார்க்கப் பளபளவென்று இருக்கும், அளவு சரியாக இருக்கும், இழுத்துச் சோதித்தாலும் தாங்கும். ஆனால் முறுக்கி மாட்டி, பாரம் ஏற்றி, சில நாள் கழித்து, யாரும் தொடாதபோது படக்கென்று உடையும். வரைபடம் இருந்தால் அதில் ஒரு ஓரத்தில் இந்த வாட்டும் குறிப்பு இருக்கும். வரைபடம் இல்லாமல் பாகத்தை மட்டும் பார்த்து நகலெடுப்பவருக்கு அந்த அடுப்பு இருந்ததே தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், விமானத்தின் உதிரி பாகம் என்பது பாதி உலோகம், பாதி தாள். எந்த உருக்காலையின் எந்தத் தொகுதி எஃகு, யார் வெப்பப் பதம் செய்தார், எந்தத் தேதியில் எந்தக் கருவியால் அளந்தார், அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற முழுச் சங்கிலியும் சேர்ந்துதான் பாகம். தாள் இல்லாத பாகத்தை எந்தப் பொறியாளரும் விமானத்தில் ஏற்றமாட்டார், ஏற்றவும் கூடாது.

பல்கலைக்கழகத்துக்கும் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். கடைவதற்கு ஆள் வேண்டுமென்றால் பினாங்கில் பஞ்சமே இல்லை. பிறை, மாக் மண்டின், புக்கிட் மிஞ்ஞாக் என்று எங்கு பார்த்தாலும் பட்டறைதான். பட்டறையால் தர முடியாதது, "இது அசலுக்கு நிகரானது" என்பதற்கான நிரூபணம். ஆயிரம் மணி நேரம் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தோம், உப்பு நீராவியில் வைத்தோம், வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் அசலோடு ஒப்பிட்டோம், உடையும் வரை ஆட்டினோம் என்று எழுதிக் கொடுக்க ஆய்வுக்கூடம் வேண்டும். அந்த எழுத்தை வைத்துத்தான் ஆகாயப்படையின் பறப்புத் தகுதிப் பிரிவு முடிவெடுக்க முடியும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் படையினர் பட்டர்வொர்த் தளத்திலேயே பல தலைமுறையாக இருந்தவர்கள். 1988 வரை அந்தத் தளம் ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தது, 1971-ன் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தலைமையகம் இன்றும் அங்கேதான். அந்த ஆஸ்திரேலியா 1973 முதல் 2010 வரை எஃப்-111 என்ற குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டது. செய்த அமெரிக்காவே 1990-களின் கடைசியில் அதைக் கைவிட்டது. அதற்குப் பிறகு உலகத்தில் அதை வைத்திருந்த ஒரே நாடு ஆஸ்திரேலியா. கேட்க ஆளில்லை. அந்நாட்டுத் தற்காப்பு அறிவியல் அமைப்பின் மெல்போர்ன் ஆய்வாளர்கள்தான் அந்த விமானத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். விரிசல் விட்ட இடத்தில் புதிய உலோகத் துண்டை ஆணியடித்துப் பொருத்தாமல், போரான் இழைப் பட்டையைப் பசை வைத்து ஒட்டி வலுவூட்டும் முறையை வளர்த்தெடுத்தது அவர்கள்தான். ஆணியடிக்கத் துளை போட்டால் அந்தத் துளையே அடுத்த விரிசலுக்கு விதை. ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. பல விமானங்களில் மாற்று உதிரி பாகத்துக்கான தேவையே அதனால் தள்ளிப்போனது. 2002-ல் சோதனைக் கூடத்தில் ஒரு இறக்கை எதிர்பார்த்ததைவிட முன்னதாக முறிந்தபோது, அமெரிக்கப் பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருந்த விமானங்களின் இறக்கைகளைக் கொண்டுவந்து மாற்றினார்கள். முறிந்தது ஆய்வுக்கூடத்தில் என்பதால் வானத்தில் யாரும் சாகவில்லை.

நம்மிடம் உள்ள ஹார்னட்டுக்கும் இதே போன்ற வேலை நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் சேர்ந்து ஹார்னட்டின் உடற்கட்டு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வருடக்கணக்கில் ஆட்டிச் சோதித்தன. ஒரு நாடு உடலின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டது, இன்னொன்று பின்பகுதியை. செலவைப் பிரித்துக்கொண்டு விடையைப் பகிர்ந்துகொண்டார்கள். எட்டு விமானம் வைத்திருக்கும் நாடு தனியாக அப்படி ஒரு சோதனை நடத்த நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கூட்டு என்பதன் அர்த்தமே அதுதான்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா பல்கலைக்கழகத்துக்கு 2020-ல் ஓய்வு பெற்ற பி-1 குண்டுவீச்சு விமானம் ஒன்றை அனுப்பி வைத்தது விமானப்படை. அங்கே அதைக் கடைசி ஆணி வரை பிரித்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கணினியில் முழு விமானத்தையும் மறுபடி கட்டுகிறார்கள். பிளாக் ஹாக் ஹெலிகாப்டருக்கும் எஃப்-16-க்கும் இதேதான். பழைய விமானங்களின் வரைபடங்கள் தாளில் கையால் வரைந்தவை. வரைபடம் சொந்த நாட்டிலேயே இருந்தும் அதைப் பயன்படுத்தும் வடிவுக்குக் கொண்டுவர ஒரு பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது என்றால் நம் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கையில் ஸ்பேனரோடு அந்த வேலையில் இறங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த அம்சம். பட்டம் வாங்கி வெளியே வரும்போது அவர்கள் ஒரு விமானத்தை முழுதாகப் பிரித்துப் பார்த்தவர்கள்.

முப்பரிமாண அச்சில் செய்யும் பாகங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், நான் அதிகம் பேசப்போவதில்லை. 2013 இறுதியிலேயே பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானங்கள் அப்படிச் செய்த உலோகப் பாகத்தோடு பறந்துவிட்டன. ஆனால் அப்போது செய்தவை ரேடியோவுக்கு மூடி, தண்டுக்குக் கவசம் போன்றவை. அது தயங்கி நின்றது அல்ல, சரியான வரிசை. உடைந்தாலும் விமானம் விழாத பாகத்தில் கை பழக வேண்டும்.

இனி பினாங்கின் சொந்தச் சரக்குக்கு வருகிறேன், அதாவது சில்லு. இதில்தான் நமக்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திரத் தொழில் வட்டாரம் தொடங்கியபோது இன்டெல், ஏஎம்டி, எச்பி, பாஷ், ஹிட்டாச்சி என்று வந்து இறங்கியவர்களை இங்கே இன்றும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். எத்தனையோ வீடுகளில் அக்காமார்கள் தோட்டத்து வேலையை விட்டு மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தது அப்போதுதான். ஐம்பது வருடத்தில் இந்த ஊர் கற்றுக்கொண்டது சில்லை அடைப்பதும் சோதிப்பதும் மட்டுமல்ல. ஒரு சில்லு ஏன் செத்தது என்று பிரேதப் பரிசோதனை செய்வதையும்தான்.

போர் விமானத்தின் மின்னணுப் பெட்டியில் இருக்கும் சில்லுகள் பெரும்பாலும் வடிவமைத்த காலத்துச் சந்தைச் சரக்கு. 1994-ல் அமெரிக்கத் தற்காப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, முடிந்த இடமெல்லாம் இராணுவத் தனித் தரத்தை விட்டுச் சந்தைத் தரத்துக்கு வாருங்கள் என்று உத்தரவு போட்ட பிறகு அது இன்னும் கூடிவிட்டது. விலை இறங்கியது, ஆனால் சந்தைச் சில்லின் ஆயுள் சில வருடம், விமானத்தின் ஆயுள் முப்பது நாற்பது வருடம். சில்லு நின்றுபோன பிறகு தரகர்கள் வருவார்கள். பழைய மின்னணுக் குப்பையிலிருந்து பிடுங்கி, மேல்பக்கத்தைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்து, புதுத் தேதி போட்டு விற்பார்கள். 2012-ல் அமெரிக்க செனட் குழு வெளியிட்ட அறிக்கை, இரண்டே வருடத்தில் சுமார் 1,800 போலிச் சந்தேகங்களைக் கண்டது. அவற்றில் அடங்கிய பாகங்கள் பத்து லட்சத்துக்கு மேல். பாதுகாப்புக்குப் பணத்தைக் கொட்டும் நாட்டுக்கே இந்தக் கதி.

போலியைப் பிடிப்பது எப்படி? மேல்பூச்சில் அசிட்டோன் பஞ்சால் துடைத்தால் கறுப்பு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு எக்ஸ்-ரே, உள்ளே கம்பி போகும் விதம் எல்லாச் சில்லிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று. கடைசியாக அமிலத்தால் மேலுறையைக் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டில் பொறித்த கம்பெனிக் குறியை நுண்ணோக்கியில் வாசிப்பார்கள். வெளியே ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்றால் முடிந்தது கதை. இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ஆட்கள் இந்தத் தீவில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம், அங்கே விண்வெளிப் பொறியியலும் உலோகவியலும் மின்னணுவும் ஒரே வேலிக்குள். தொழிற்சாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வில் சேர்ப்பதற்கென்றே தொடங்கிய கிரெஸ்ட் என்ற அமைப்பும் பினாங்கில் இருக்கிறது. பயன்படுத்தும் தளம், சோதிக்கும் கூடம், செய்யும் பட்டறை மூன்றும் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கிய ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது.

சுகோய் விஷயத்தில் வழி வேறு மாதிரி திறக்கிறது. நம் சு-30 எம்கேஎம், இந்தியாவின் எம்கேஐ வகையிலிருந்து பிறந்தது. எஞ்சின் ஒன்றே. இந்திய அரசின் விமான நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் எம்கேஐயை நாசிக்கில் கட்டுகிறது, எஞ்சினை கோராபுட்டில் செய்கிறது. 2008 முதல் 2010 வரை இந்திய விமானப்படைக் குழு நம் கோங் கெடாக் விமானத் தளத்தில் தங்கி நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2023 ஜூலையில் அந்த நிறுவனம் கோலாலம்பூரில் வட்டார அலுவலகம் திறந்தது. ஆனால் எம்கேஎம் விமானத்துக்குள் பிரெஞ்சுக் கருவியும் உண்டு, தென்னாப்பிரிக்கக் கருவியும் உண்டு. இந்தியாவின் உரிமமும் ரஷ்யா கொடுத்ததுதான். ஆகவே அங்கிருந்து எல்லாமே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வரக்கூடியது அனுபவம்: எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்தில் தேய்கிறது, எதைத் தாங்களே மாற்றிச் செய்தார்கள், எதில் தோற்றார்கள் என்ற பதிவு. அதுவே பாதி வரைபடம்.

இவ்வளவும் இருந்தும் ஏன் நடக்கவில்லை? எனக்குத் தெரிந்தவரை தடைகள் தொழில்நுட்பத்தில் இல்லை.

வரைபடத்தின் உரிமை விற்றவரிடம் இருக்கிறது. விமானத்தை வாங்கும்போது நாம் வாங்குவது பறக்கும் உரிமையும் பராமரிப்புக் கையேடும்தான், செய்முறை இல்லை. அமெரிக்கப் பொருள் என்றால் அதன் தொழில்நுட்பத் தகவலை யாருக்குக் காட்டலாம் என்பதற்கும் அவர்கள் அனுமதி வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் நிறைந்த ஆய்வுக்கூடத்தில் அந்தத் தாளை மேசைமேல் வைத்தாலே வினை. நம் சொந்த 2010-ஆம் ஆண்டு வியூக வர்த்தகச் சட்டமும் கண்ணுக்குத் தெரியாத தகவல் பரிமாற்றத்தைக்கூடக் கட்டுப்படுத்துகிறது. இவை எதுவும் தாண்ட முடியாதவை அல்ல. ஆனால் தாண்டுவதற்கு வழக்கறிஞரும் பாதுகாப்பு அதிகாரியும் கொண்ட ஆய்வுக்கூடம் வேண்டும். தனி அறை, தனிக் கணினி, தனிப் பதிவேடு வேண்டும்.

அடுத்தது காலக் கணக்கு. முனைவர் பட்ட மாணவருக்கு மூன்று நான்கு வருடம். மானியம் இரண்டு வருடம். அவருக்கு வேண்டியது கட்டுரை, புதிய கண்டுபிடிப்பு. படைக்கு வேண்டியது பழைய வால்வின் அதே நகல், ஒரு மாற்றமும் இல்லாமல். அதில் என்ன கட்டுரை எழுதுவது? நான் ஒருமுறை இப்படி ஒரு கூட்டு முயற்சியின் ஓரத்தில் இருந்திருக்கிறேன், இராணுவம் அல்ல, ஒரு பழைய ஆலை இயந்திரத்துக்கான பாகம். மாணவர் அருமையாகச் செய்தார். மாதிரி ஒன்று வந்தது, சோதனையும் தேறியது. அவர் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விட்டார், கணினிக் கோப்பு அவருடைய மடிக்கணினியோடு போய்விட்டது. இரண்டாவது பாகம் கேட்டபோது ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பை வைத்துக் காப்பாற்றும் நிரந்தரத் தொழில்நுட்பர் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்காததுதான் குறை. ஆய்வு மானியத்தில் கருவி வாங்கக் காசு இருக்கும், அந்த ஆளுக்கு மட்டும் இருக்காது.

அப்புறம் நடுவில் நிற்கும் தரகு முறை. டெண்டர் எடுப்பவர் வேறு, பொருளைத் தெரிந்தவர் வேறு என்று இருக்கும்வரை, பட்டறைக்காரருக்கும் ஆய்வாளருக்கும் தளத்தின் பொறியாளரோடு நேராகப் பேச வழி இல்லை. பட்டறைக்காரர் மேசைக்கு வருவது ஒரு கோட்டேஷன் படிவமும் பாக எண்ணும் மட்டும். பாகம் எங்கே உட்காருகிறது, எதோடு உரசுகிறது, எப்படி உடைந்தது என்று தெரியாமல் எப்படிச் செய்வது?

எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால் கவச வண்டி என்பேன். 1980-களின் தொடக்கத்தில் தரைப்படைக்கு ஜெர்மனியிலிருந்து 459 கொண்டோர் வண்டிகள் வந்தன. அதன் எஞ்சின் மெர்சிடிஸ் ஓஎம் 352, அந்தக் காலத்து லோரிகளில் ஓடியதே. சக்கர அச்சும் கியரும்கூட யூனிமோக் லோரியின் வம்சம். வரைபடச் சிக்கல் குறைவு, உடைந்தால் வண்டி ரோட்டோரம் நிற்குமே தவிர விழாது. அதன் ரப்பர் புஷ், குழாய், கேஸ்கட் எல்லாவற்றையும் ரப்பர் விளையும் இந்த நாட்டில் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நைட்ரைல் கையுறையில் உலகத்துக்கே முன்னணியில் இருப்பவர்கள் நாம். தற்காப்பு அமைச்சின் கீழ் காஜாங்கில் ஸ்ட்ரைட் என்ற அறிவியல் ஆய்வுக் கழகம் இருக்கிறது, கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமில் 2006 முதல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வண்டிப் பாகத்தில் தாள் சங்கிலியைப் பழகிக்கொண்டால், பிறகு விமானத்தின் உயிருக்கு ஆபத்தில்லாத பாகங்களுக்குப் போகலாம்.

புதிதாக வாங்குவதில் இப்போதே கவனம் வேண்டும். கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் பதினெட்டுக்கு 2023-ல் லங்காவி கண்காட்சியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவை முப்பது வருடம் பறக்கும். 5 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் வெளிநாட்டுக் கொள்முதலுக்குத் தொழில்துறை ஒத்துழைப்புத் திட்டம் உண்டு. விற்பவர் பதிலுக்கு ஏதாவது நம் நாட்டுக்குச் செய்ய வேண்டும். பெரும்பாலும் அது பயிற்சியாகவோ ஏதோ ஒரு பாகத்தை இங்கே செய்யும் ஒப்பந்தமாகவோ வருகிறது. அவை இருக்கட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பேரத்தில் இன்னொரு வரி: உற்பத்தி நிற்கும் நாளில் இன்னின்ன பாகங்களின் வரைபடமும் செய்முறையும் நம் கையில் வந்து சேர வேண்டும், அதுவரை அவை ஒரு நடுநிலைக் காப்பகத்தில் இருக்க வேண்டும். வாங்குகிறவனுக்குப் பேரம் பேசும் பலம் கையெழுத்துப் போடும்வரைதான்.

போன மாதம் மறுபடி மாக் மண்டின் பக்கம் போயிருந்தேன். அண்ணன் இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்துக் காட்டினார். உள்ளே அந்தப் புஷ்ஷின் வரைபடம், அளவுகளும் டாலரன்ஸும் (எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பது) பென்சிலில் திருத்தி எழுதியது. அதன் பின்னால் ஸ்பெக்ட்ரோமீட்டர் தாள், வெண்கலக் கட்டி வாங்கிய ரசீது, முதல் பத்தும் எந்தத் தேதியில் எந்தப் படகில் போனது என்ற குறிப்பு. மூன்று வருடம் கழித்து வேறொரு படகுக்காரர் அதே புஷ்ஷைக் கேட்டு வந்திருக்கிறார். காலையில் ஃபைலை எடுத்திருக்கிறார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆறு புஷ் மேசைமேல். பேசி முடித்து நாங்கள் வெளியே வந்தபோது தலைக்கு மேலே இரண்டு ஹார்னட் போனது. அவர் அண்ணாந்து பார்த்து, ஃபைலை இன்னும் கையில் வைத்துக்கொண்டே, "அதுல எத்தனை புஷ் இருக்கும் தம்பி?" என்று கேட்டார்.